மூணு நூல் ஓட்டையில் மூணரை நூல் ஸ்டட்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நீ போனை எடுக்கலன்னா நான் வாயை மூடிக்கிட்டு இருந்துடுவேன்னு நினைச்சியா? பஸ் டிரைவர் கையில கவரைக் கொடுத்து விடறேன். கிழிக்கணும்னா முழுசாப் படிச்சுட்டுக் கிழி.

நலமா, சௌக்கியமா எல்லாம் கடைசியில பார்த்துக்கலாம். முதல்ல இன்ஜின்.

அத்தான் எல்லாத்தையும் சொன்னார். "தம்பி, உங்க அக்கா நடு ஆத்துல நின்னுட்டா. இன்ஜின் மூடியைத் திறந்து சுத்தியலால தட்டறா. கேட்டா தையல் மெஷினைப் பார்த்துக்கிட்டு போங்கன்னு சொல்றா" அப்படின்னார். நீ எதைத் தட்டினேன்னு அவருக்குத் தெரியல. எனக்குத் தெரியும். ஸ்டட், அந்த இரும்பு முளை, மேல எழும்பி வந்திருக்கு. அதைத் தட்டி இறக்கியிருக்கே. எத்தனையாவது தடவை?

உன் இன்ஜின்ல வால்வைத் திறந்து மூடற ஒவ்வொரு ராக்கரும் ஒரு ஸ்டட் மேல உட்கார்ந்துதான் ஆடுது. அந்த ஸ்டட்டுக்கு மரை கிடையாது. ஹெட்ல சும்மா அடிச்சு இறுக்கி வெச்சிருக்கான், சுவத்துல ஆணி அடிச்ச மாதிரி. வால்வு ஸ்பிரிங் ஒவ்வொரு சுத்துக்கும் அதை மேல இழுக்குது. எத்தனை வருஷம் தாங்கும்? ஒருநாள் எழும்பும், வால்வு பாதிதான் திறக்கும், படகு நிக்கும். சுத்தியல் அதுக்கு மருந்து இல்ல.

இருபத்தெட்டாம் தேதி படகைச் சோதிக்க சர்வேயர் வர்றாராமே. முழு பாரம், எதிர் ஓட்டம், முழு த்ராட்டில், ஒரு மணி நேரம் நிக்காம ஓடிக் காட்டணும். நின்னா நீ படகு ஓட்டற தடம், ஏற்கெனவே ரெண்டு படகு வெச்சிருக்காரே, அந்த ரெண்டு படகுக்காரருக்குப் போயிடும். இப்ப இருக்கிற நிலைமையில நீ துறையைத் தாண்டறதே பெரிய விஷயம்.

ஒரே வழிதான். பழைய ஸ்டட்டை எல்லாம் பிடுங்கிட்டு, அதே ஓட்டையில மரை போட்டு, மூணரை நூல் ஸ்டட் திருகணும். இப்ப இருக்கிறது மூணு நூல். ஒரு நூல்ங்கிறது அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு, அரை நூல் கூடுறது சின்ன விஷயம்தான். ஆனா உன் ராக்கர் ஓட்டை மூணு நூலுக்கு வெட்டினது, தடிச்ச ஸ்டட் அதுக்குள்ள போகாது. தடிச்ச ஸ்டட்டுக்குன்னே செஞ்ச ராக்கர் பந்தயக் கார்க்காரங்க வாங்குவாங்க, கப்பல்ல வரும். வந்து சேர்றதுக்குள்ள உன் படகு ரெண்டு படகுக்காரர் வீட்டு விறகாயிடும். அதனால இருக்கிற ராக்கரையே நான் இங்க வெட்டிப் பெரிசாக்கறேன்.

பதினாறையும் கழட்டி அனுப்பு. உபரி ஒண்ணு வெச்சிருப்பியே, அதையும்.

டீசல் இன்ஜின் போடுன்னு நான் சொன்னது இப்பவும் சரிதான். அது வேற பேச்சு.

தம்பி

* * *

பிப்ரவரி 6

டேய் தம்பி,

கிழிக்கல. அடுப்பு பத்த வைக்க வேற காகிதம் இருக்கு.

"அது வேற பேச்சு"ன்னு ஒரு வரியில தாண்டிட்டே பாரு, அதுதான் எனக்கு இருக்கிற ஒரே பேச்சு. நாப்பது பேர் படகுல உட்கார்ந்திருக்காங்க. நான் கயித்தை அவிழ்க்கப் போறேன். டை கட்டின ஒருத்தன் டேப்பைப் பிடிச்சுக்கிட்டு உள்ள இறங்கி, என் இன்ஜினை நீள அகலம் அளக்கறான். "யாருங்க நீங்க?" "டீசல் கம்பெனிங்க. உங்க தம்பி வரச் சொன்னார். பழையதை எடைக்கு எடுத்துக்கறோம்." எடைக்கு! நீ கரையில நின்னு கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்த்தே. ஒரு வார்த்தை, "அக்கா, ஒருத்தரைக் கூட்டிட்டு வரட்டுமா"ன்னு கேட்டிருந்தா உன் நாக்கு தேஞ்சிருக்குமா? அந்த ஆளை நான் தண்ணியில தள்ளாதது என் நல்ல குணம்.

இந்தப் படகு எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்தது இல்ல. பொம்பளை ஓட்டற படகுல ஏற மாட்டோம்னு சொன்னவங்க இன்னைக்கு எனக்கு இடம் பிடிச்சு வைன்னு சொல்றாங்க. இந்தத் தடம் போச்சுன்னா நான் ரெண்டு படகுக்காரர்கிட்ட கூலிக்கு டிக்கெட் கிழிக்கணும். அவரே வந்து சொல்லிட்டார். "உனக்கு ஒரு வேலை வெச்சிருக்கேம்மா, கவலைப்படாதே"ன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கல.

அதனால அனுப்பறேன். உனக்காக இல்ல.

பெட்டியில பதினாறு ராக்கர், அது உட்கார்ந்து ஆடற பதினாறு அரைக்குண்டு, உபரி ராக்கர் ஒண்ணு. வரிசையா கம்பியில கோத்திருக்கேன், நகப்பூச்சால எண் போட்டிருக்கேன். எந்தக் குண்டு எந்த ராக்கரோட தேஞ்சுதோ அதோடதான் சேரணும். மாத்தினா ஒண்ணை ஒண்ணு கடிக்கும், நம்மளை மாதிரி.

ஒரே நிபந்தனை. என்னைக் கேட்காம எதையும் செய்யாதே. உன் காலேஜ்ல இதைச் சொல்லித் தரல போலிருக்கு, அதான் நான் சொல்றேன்.

படகைக் கட்டிப் போட்டாச்சு. ஆளுங்க எல்லாம் ரெண்டு படகுக்காரர் படகுல போறாங்க. போறப்ப எனக்குக் கை வேற காட்டறாங்க.

அக்கா

* * *

பிப்ரவரி 10

அக்காவுக்கு,

பெட்டி வந்தது. தின்னர்ல கழுவினா உன் நகப்பூச்சு ஒரு நிமிஷம் நிக்காது. கழுவறதுக்கு முன்னாடியே தகடு வெட்டி எண் அடிச்சுக் கட்டிட்டேன். ஜோடி மாறல. அழகு சாதனத்தை அழகுக்கு வெச்சுக்கோ.

வேலை எப்படிப் போகுதுன்னு சொல்றேன். ராக்கருக்கு வெளித்தோல் ரொம்பக் கடினம். சாதா டிரில் வெச்சா சறுக்கி விளையாடுது. கார்பைட் கட்டர் போட்டாத்தான் கடிக்கும். எங்க பட்டறை ஃபோர்மேன் சாப்பாட்டு நேரத்துல மட்டும் மில்லிங் மெஷினைத் தர்றார். "உங்க அக்கா படகு ஓடினா எனக்கு என்னடா லாபம்?" அப்படின்னார். நீங்க வந்தா சும்மா ஏத்திக்குவாங்கன்னேன். "எனக்குத் தண்ணின்னா பயம்"ன்னார். ஆனா மெஷினைக் கொடுத்துட்டார்.

ராக்கரோட வயித்துல இருக்கிற ஓட்டை வட்டம் இல்ல, நீளம். ராக்கர் முன்னும் பின்னும் சாயும்போது ஸ்டட் அதுல இடிக்காம இருக்கத்தான் நீளம். தடிச்ச ஸ்டட் வந்தா அகலத்தையும் கூட்டணும், நீளத்தையும் கூட்டணும். அகலத்தை மட்டும் கூட்டிட்டு நீளத்தை விட்டா, வால்வு முழுசாத் திறக்கிற நேரத்துல ஓட்டையோட முனை ஸ்டட்டுல முட்டும். முட்டினா ரெண்டுல ஒண்ணு உடையும். குண்டையும் நடுவுல குடைஞ்சு பெரிசாக்கணும், நடு கொஞ்சமும் பிசகாம.

ஆனா வெட்ட வெட்ட இரும்பு குறையுது. எவ்வளவு குறைஞ்சா உடையும்? யாருக்கும் தெரியாது. ஃபோர்மேனைக் கேட்டா "தாங்கும்டா"ங்கறார். எதை வெச்சுச் சொல்றீங்கன்னா, "மனசு சொல்லுது"ங்கறார். மனசை நம்பி உன்னை ஆத்துல விட முடியாது.

அதனால உபரி ராக்கரை முதல்ல வெட்டினேன். பழைய மோட்டார்ல ஒரு கோணல் சக்கரத்தை மாட்டி, உன் ஸ்பிரிங்கைவிடக் கூட அழுத்தம் வர்ற மாதிரி வெச்சு, குத்த விட்டேன். ரெண்டு நாள் பகல் முழுக்கக் குத்திச்சு. இன்னைக்கு மதியம் உடைஞ்சுடுச்சு.

எங்க உடைஞ்சுதுன்னு தெரிஞ்சது. ஓட்டையோட ஓரத்துல கட்டர் விட்ட பிசிறு, கத்தி முனை மாதிரி ஒரு மூலை. அங்கதான் விரிசல் ஆரம்பிச்சது. பதினாறுலயும் அந்த ஓரத்தை உருட்டி, மெருகு போட்டுத்தான் அனுப்புவேன். ஒரு பிசிறு இருக்காது.

இதோட மரை போடற டேப்பும், அதை நேரா நிறுத்தற வழிக்குழாயும் அனுப்பறேன். வழிக்குழாயை வெச்சுத்தான் போடணும். கையால நேராப் போடறேன்னு வீம்பு பண்ணாதே. சில ஓட்டை இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி அறைக்குள்ள போகும், மரைக்குப் பசை தடவு.

தம்பி

* * *

பிப்ரவரி 13

தம்பிக்கு,

உடைச்சுட்டியா.

நான் எழுதினதைத் திருப்பிப் படி. கேட்காம எதையும் செய்யாதேன்னு எழுதினேன். அந்த ஒரு வரி. காகிதத்துல எழுதியும் உனக்கு ஏறல, இனி கல்லுல வெட்டித்தான் அனுப்பணும். இருந்தது ஒரே ஒரு உபரி. பழைய இரும்புக் கடையில மூணு நாள் குப்பையைக் கிளறி எடுத்தது. குரங்கு கைக்குப் பூமாலை கொடுத்த கதைதான். பிய்ச்சுப் பார்த்துட்டு, பூ எப்படிப் பிய்யுதுன்னு எனக்குப் பாடம் வேற நடத்தறே.

நீ சொல்றதுல நியாயம் இருக்குன்னு அத்தான் சொல்றார். அவருக்கு உன்மேல எப்பவும் ஒரு இது. "புதுத் துணியைத் தண்ணியில நனைச்சுப் பார்க்காம சட்டை தைச்சா சுருங்கிடும்ல"ங்கறார். நனைச்ச துணி காயும். உடைஞ்ச ராக்கர் ஒட்டுமான்னு கேட்டேன். மெஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டார்.

மரை போட்டாச்சு. ஸ்டட் பிடுங்கறதுக்குள்ள தோள் கழண்டுடுச்சு. வாஷரா அடுக்கி, மேல நட்டைப் போட்டு இறுக்கினா, பல் பிடுங்கற மாதிரி "க்ரீச்"சுன்னு வருது. ரெண்டு ஓட்டையில தண்ணி பீச்சி மூஞ்சியில அடிச்சது. பசை போட்டேன். இன்ஜின் ரூம் பின் பலகை இடிக்குது, உள்ள முழங்கை மடக்க இடமில்ல. எப்படியோ பதினாறும் போட்டாச்சு.

ராக்கரைச் சீக்கிரம் அனுப்பு. வேற எதையும் உடைக்காதே.

அக்கா

* * *

பிப்ரவரி 17

அக்காவுக்கு,

உடைக்காம எப்படித் தெரியும்? நீயே சொல்லு. நான் கேட்டிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே. பதினாறையும் பிசிறோட மாட்டியிருப்போம். ஆத்து நடுவுல உடைஞ்சிருக்கும். அப்ப நீ யாரைத் திட்டுவே? கேட்கலங்கிறது தப்பு. உடைச்சது தப்பில்ல. ரெண்டையும் ஒரே மூட்டையாக் கட்டாதே.

பதினாறும் பெட்டியில இருக்கு. கையில எடுத்து ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பாரு. எங்கயாவது விரல் சிக்கினா அதைத் தனியா வெச்சுட்டு எனக்கு எழுது. சிக்காது.

மாட்டற விதம்: பிளக்கை எல்லாம் கழட்டிட்டு இன்ஜினைக் கையாலேயே சுத்து. ஸ்டார்ட் பண்ணாதே. உனக்கு ஸ்டார்டர் பட்டனைப் பார்த்தாலே விரல் அரிக்கும், தெரியும். ஒன்றரை மில்லி கம்பித் துண்டு ஒண்ணு வெச்சிருக்கேன். ஒவ்வொரு வால்வும் முழுசாத் திறந்த நிலையில, ஓட்டையோட முனைக்கும் ஸ்டட்டுக்கும் நடுவுல அந்தக் கம்பி போகணும். மூடின நிலையில அந்தப் பக்க முனையிலயும் போகணும். ரெண்டு முனை, பதினாறு ராக்கர். ஒண்ணு போகலன்னாலும் இன்ஜினை ஓட்டாதே.

சோம்பல் படாம எல்லாத்தையும் பாரு. பதினைஞ்சு சரியா இருந்தா பதினாறாவதும் சரியாத்தான் இருக்கும்னு நினைக்கிறவன்தான் கடைசியில படகைத் தள்ளுவான்.

தம்பி

* * *

பிப்ரவரி 20

தம்பிக்கு,

விரலை விட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருக்கு. இதை நான் ஒரு தடவைதான் சொல்லுவேன்.

பதினைஞ்சுல கம்பி நல்லாப் போகுது, ரெண்டு முனையிலயும். கடைசி வால்வுல, பின் பலகையை ஒட்டி இருக்கே, அதுல போகல. வால்வு முழுசாத் திறந்தா, வால்வு பக்க முனை ஸ்டட்டுக்குக் கிட்டத்தட்ட முத்தம் கொடுக்குது. கம்பி என்ன, தலைமுடிதான் போகும்.

அந்த ஒண்ணை நீ கோணலா வெட்டியிருக்கே. சாப்பாட்டு நேரத்துல வேலை பார்த்தா இப்படித்தான், ஒரு கண்ணு சோத்துல இருக்கும். நாள் எண்ணிக்கிட்டு இருக்கோம். உபரி இருந்தா இந்நேரம் மாட்டியிருப்பேன்.

என்ன செய்யறதுன்னு எழுது.

அக்கா

* * *

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

பதினாறையும் ஒரே ஜிக்ல, ஒரே பிடிச்சட்டத்துல மாட்டித்தான் வெட்டினேன். ஒண்ணு கோணலா இருந்தா பதினாறும் கோணலா இருக்கணும்.

வாய்ச்சண்டை வேண்டாம். அந்த ராக்கரை அதோட குண்டோட சேர்த்து எடுத்துப் பக்கத்து ஸ்டட்டுல மாட்டு. பக்கத்துல இருக்கிறதை இங்க மாட்டு. கையால சுத்திப் பாரு. குத்தம் ராக்கர்ல இருந்தா, ராக்கர் போன இடத்துக்குக் கூடவே போகும். ஸ்டட்டுல இருந்தா அந்த இடத்துலயே நிக்கும்.

பார்த்துட்டு எழுது. ஒரு வரி போதும்.

தம்பி

* * *

பிப்ரவரி 23

தம்பிக்கு,

இடத்துலயே நிக்குது.

ஒரு வரி போதும்னே. எனக்குப் போதாது. உன் வழிக்குழாய் அந்தக் கடைசி ஓட்டையில நிக்கல. பின் பலகை இடிச்சுது. பலகையைக் கழட்டணும்னா ஸ்டீயரிங் சங்கிலியை எடுக்கணும், ஒரு நாள் போகும். அன்னைக்கு எனக்குப் பொறுமை இல்ல. கரையில ரெண்டு படகுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்னம்மா, பல் வைத்தியம் முடிஞ்சுதா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். வழிக்குழாய் இல்லாமக் கண் அளவுல போட்டேன். டேப்பைத் திருப்பும்போதே கைக்குத் தெரிஞ்சுது, வால்வு பக்கமாச் சாயுதுன்னு. சின்னச் சாய்வுதானே, போகும்னு விட்டுட்டேன். உனக்கும் எழுதல. நீ மேல ஏறி உட்கார்ந்து கொட்டு அடிப்பேன்னு எழுதல.

உன் வெட்டைக் கோணல்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். அவ்வளவுதான், இதுக்கு மேல குனிய மாட்டேன்.

இப்ப ஒண்ணு கேட்கறேன். இப்ப பலகையைக் கழட்டி, ஓட்டையை நேராக்க உன் மாதிரி ஆளும் மெஷினும் இங்க இல்ல, நாளும் இல்ல. என்கிட்ட உருட்டு அரம் இருக்கு. அந்த ஒரு ராக்கர்ல வால்வு பக்க முனையை நானே கொஞ்சம் அராவினா கம்பி போயிடும். இன்னைக்கே அராவியிருக்கலாம், அரத்தைக் கையில எடுத்துட்டேன். அப்புறம் கீழ வெச்சுட்டு இதை எழுதறேன்.

அராவட்டுமா? எவ்வளவு?

அக்கா

* * *

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

கொட்டு அடிக்க நேரமில்ல. பஸ் கிளம்பப் போகுது, நின்னுக்கிட்டே எழுதறேன்.

அராவலாம். ஒன்றரை மில்லி, கம்பி போற அளவு. அதுக்கு மேல ஒரு இழுப்பு கூட வேண்டாம்.

எதை வெச்சுச் சொல்றேன்னு கேட்பே. உடைச்ச ராக்கரை வெச்சு. கத்தி முனை மாதிரி மூலையோட, உன் ஸ்பிரிங்கைவிடக் கூடின அழுத்தத்துல, அது ரெண்டு பகல் தாங்கிச்சு. நீ ஒன்றரை மில்லி அராவி மூலையை உருண்டையா விட்டா ஒரு மணி நேரம் தாங்கும். இது கணக்கு. மனசு இல்ல. ஆனா கணக்குலயும் தப்பு வரலாம், அதையும் சொல்லிடறேன். தாங்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

அரத்தை ஒரே பக்கமாத் தள்ளு, முன்னும் பின்னும் இழுக்காதே. முடிச்சதும் எண்ணெய் தடவின உப்புத்தாளை விரல்ல சுத்தி ஓரத்தை உருட்டு. விரல் சிக்கக் கூடாது. மேல்தோல் கடினம்னு சொன்னேன்ல, அரம் வழுக்கும், கோபம் வரும். கோபத்துல அழுத்தாதே. சின்னக் கல் கிரைண்டர் துறைக் கடைக்காரர்கிட்ட இருந்தா மேல்தோலை மட்டும் அதுல எடுத்துட்டு மீதியை அராவு.

அது ஒரு மணி நேரத்துக்கு மட்டும். சோதனை ஓட்டம் முடிஞ்ச உடனே கழட்டு. மண்ணெண்ணெய்ல ஊற வை, நல்லாத் துடை, மேல சாக்பீஸ் பொடி தூவு. விரிசல் இருந்தா அதுக்குள்ள இருக்கிற எண்ணெய் கசிஞ்சு பொடியில கோடு விழும். பாஸோ ஃபெயிலோ, அந்த ராக்கரோட ஒரு ஆளைக்கூட ஏத்தாதே.

ஆளுக்குப் பதிலா மணல் மூட்டை ஏத்தலாமான்னு சர்வேயரைக் கேளு. கேட்க வெட்கப்படாதே.

தம்பி

* * *

மார்ச் 1

டேய் தம்பி,

பாஸ்.

போன்ல சொல்லியிருக்கலாம். சொன்னா நீ "கழட்டினியா, பொடி தூவினியா"ன்னு நடுவுல வெட்டுவே. இது காகிதம், உன்னால வெட்ட முடியாது. உட்கார்ந்து கேளு.

மணல் மூட்டைக்கு சர்வேயர் ஒத்துக்கிட்டார். அறுபது மூட்டை. அத்தான் கூட வர்றேன்னு அடம் பிடிச்சார். நீச்சல் தெரியாது, தானே தைச்ச மிதவைச் சட்டையைப் போட்டுக்கிட்டு மூட்டை மேல உட்கார்ந்துட்டார். "நான் தைச்சது, பிரியாது"ன்னு சர்வேயருக்கு வேற சொன்னார். "பிரியாது சரி, மிதக்குமா?"ன்னு அவர் கேட்டார். அத்தான் சட்டை நாடாவுல இன்னொரு முடிச்சுப் போட்டார்.

எதிர் ஓட்டத்துல முழு த்ராட்டில் தள்ளினேன். அப்படி ஒரு சத்தம் அந்த இன்ஜின்ல நான் கேட்டதில்ல. முன்னாடி எல்லாம் மேல போகப் போக ஒரு இருமல் வரும். இப்ப ஒரே குரல். பின் பலகைக்கு அந்தப் பக்கம்தான் என் நாற்காலி, அந்தக் கடைசி வால்வு என் முதுகுக்குப் பின்னாடி டிக் டிக்குன்னு அடிக்குது. மத்த பதினைஞ்சும் எனக்குக் கேட்கவே இல்ல.

பாதியில, வளைவு தாண்டினதும், சர்வேயர் குடையைப் பிடிச்சுக்கிட்டு, "போதும்மா, கொஞ்சம் குறைச்சுக்கோங்க, காத்து ஜாஸ்தியா இருக்கு"ங்கறார். எனக்குக் குறைக்க எவ்வளவு ஆசைன்னு உனக்குத் தெரியாது. ஆனா கரை ஓரமா ரெண்டு படகுக்காரர் தன் படகுல கூடவே வர்றார். குறைச்சா, "முழு மணி ஓடல"ன்னு அவரே போய் எழுதிக் கொடுப்பார். "ஒரு மணி நேரம்னு நீங்கதான சார் சொன்னீங்க, அப்புறம் உங்களுக்குக் கெட்ட பேரு"ன்னேன். அவர் குடையை மடக்கிட்டு உட்கார்ந்தார். ரெண்டு படகுக்காரர் படகு பின்னாடி சுருங்கிப் போச்சு. கடைசியில அவர் கையைக் காட்டல. நான் காட்டினேன்.

இறங்கினதும் சர்வேயர் மூடியைத் திறக்கச் சொன்னார். ராக்கர் பளபளப்பைப் பார்த்துட்டு "இது கம்பெனி சாமான் இல்லையே, யார் வேலை?"ன்னார். என் தம்பின்னேன். "படிச்ச பையனா?" "ஆமா சார். அதைச் சரி பண்ணிக்கிட்டு இருக்கோம்"னேன். சிரிச்சுட்டு முத்திரை போட்டார். பத்தாம் தேதியில இருந்து தடம் என் பேர்ல. அன்னைக்குக் காலையில முதல் படகு ஓடியாகணும், இல்லன்னா ரத்து.

அவர் போனதும் கழட்டினேன். மண்ணெண்ணெய், துடைப்பு, சாக்பீஸ் பொடி, நீ சொன்ன மாதிரியே. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் நான் அராவின முனையில இருந்து ஒரு கோடு கிளம்புச்சு. மயிரிழை. நகம் அளவு நீளம்.

தாங்கும்னே, தாங்கிச்சு. ஆனா அவ்வளவுதான் தாங்கிச்சு. பெட்டியில வெச்சிருக்கேன், நீயே பாரு. இதோட இன்னொரு கால் மணி ஓடியிருந்தா என் முதுகுக்குப் பின்னாடி என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கிறேன், அப்புறம் யோசிக்காம இருக்கேன்.

ஊர்ல எல்லாரும் வாழ்த்து சொல்லிட்டுப் போறாங்க. நாளைக்கே ஓட்டுவியான்னு கேட்கறாங்க. பத்தாம் தேதின்னு சொல்றேன். எதை மாட்டி ஓட்டறதுன்னு எனக்கே தெரியல. அத்தானுக்கு விரிசலைப் பத்திச் சொல்லல. உனக்கு மட்டும்தான்.

அக்கா

* * *

மார்ச் 2

அக்காவுக்கு,

பார்த்தேன். லென்ஸ் வெச்சும் பார்த்தேன். விரிசல் உன் அரத்தால வரல. ஸ்டட் சாய்ஞ்சு நிக்கறதால ராக்கர் ஒரு பக்கமாவே பாரத்தை வாங்கியிருக்கு. ஓட்டையை எவ்வளவு பெரிசாக்கினாலும் இது திரும்ப வரும். ராக்கரை மாத்திப் பிரயோஜனம் இல்ல. ஸ்டட்டை நேராக்கணும்.

செய்ய முடியும். அந்தக் கோணல் மரையை மொத்தமாக் குடைஞ்சு எடுத்துட்டு, நேரா ஒரு பெரிய ஓட்டை போட்டு, உள்ள இரும்பு உறை திருகி, அந்த உறைக்குள்ள மூணரை நூல் மரை. ஸ்டட் சாய்வுன்னு நீ எழுதின அன்னைக்கே இதுக்கு ஆரம்பிச்சுட்டேன், உறை கடைஞ்சாச்சு. ராக்கர் கிடைச்சுது. காயலான் கடைக்காரர் மூணு வெச்சிருந்தார். மூணையும் வாங்கிட்டேன். மூணும் வெட்டி, உருட்டி, மெருகு போட்டாச்சு. ஒண்ணை மாட்டறோம். ஒண்ணு உபரி. ஒண்ணை உடைக்கணும்னு ஆசையா இருக்கு.

ஆனா இந்த வேலையைப் பெட்டியில போட்டு அனுப்ப முடியாது. ஃபோர்மேன்கிட்ட நாலு நாள் லீவு கேட்டேன். "யாருக்குடா உடம்பு சரியில்ல?"ன்னார். ஒரு ஸ்டட்டுக்குன்னேன். காந்தக் கால் டிரில்லையும் தூக்கிக் கொடுத்து, "இது திரும்பி வரலன்னா நீயும் வராதே"ன்னுட்டார்.

வியாழக்கிழமை காலை பஸ்ல ஏறறேன். டிரில் நிக்க இடம் வேணும். அதுக்குப் பின் பலகையை எடுத்தே ஆகணும். அது உன் நாற்காலிக்குப் பின் பலகை, உன் படகு. நான் வந்து இறங்கி என்பாட்டுக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டேன்.

கழட்டலாமா?

தம்பி

* * *

மார்ச் 3

தம்பிக்கு,

கழட்டியாச்சு. ஸ்டீயரிங் சங்கிலியையும் எடுத்துட்டேன். நீ கேட்கல, ஆனா அதை எடுக்காம உன் தோள் உள்ள போகாது. ரெண்டு படகுக்காரர் நாற்காலியை இன்னும் பக்கத்துல இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கார். உட்காரட்டும்.

வா.

அக்கா